ராஸ்பெரி ஷேக் 3டி: மோஹோவில் பட்டுத் திரும்பும் அலை வீட்டில் தெரியுமா?

இந்தப் பெட்டியைப் பற்றி விசாரிக்கிற எல்லோரும் முதலில் கேட்பது, பூகம்பத்தின் ஆட்டம் வந்து சேர்வதற்கு முன்னால் அலாரம் அடிக்குமா என்றுதான். அடிக்காது. அது வேண்டுமென்றால் பெர்க்லி பல்கலைக்கழகம் செய்த மைஷேக் செயலி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் இலவசமாகப் போனில் போட்டுக்கொள்ளலாம். ராஸ்பெரி ஷேக் வேறு வகைச் சாமான். தரை எப்படி அசைகிறது என்பதை விநாடிக்கு 100 தடவை அளந்து நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கும் வீட்டு நிலநடுக்கமானி. பனாமா நாட்டுக் கம்பெனி, 2016இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி ஆரம்பித்தது. உள்ளே ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், அதன் மேல் சிக்னலை எண்ணாக மாற்றும் அவர்களுடைய 24 பிட் போர்டு, பக்கத்தில் ஜியோஃபோன்கள். எண்ணெய் தேடுகிறவர்கள் தரையில் வரிசையாகக் குத்தி வைப்பார்களே, அதே ஜியோஃபோன்தான். ஒரு காந்தம், அதைச் சுற்றி ஸ்பிரிங்கில் தொங்கும் கம்பிச் சுருள். தரையோடு சேர்ந்து காந்தம் ஆடும், சுருள் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மின்னழுத்தமாக வெளியே வரும்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில். ஹேவர்டு நிலநடுக்கப் பிளவு ஊருக்குள்ளேயே ஓடுகிறது. 1868இல் அது அசைந்தபோது 6.8 அளவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால் காலடியில் இருக்கும் பிளவைக் கண்காணிக்கத்தான் வாங்கினேன் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. நான் வாங்கியது தள்ளி இருக்கும் நிலநடுக்கங்களுக்காக, குறிப்பாக 70 முதல் 120 கிலோமீட்டருக்குள் நடப்பவற்றுக்காக. அந்தத் தூரத்தில் ஒரு வினோதம் இருக்கிறது: பூமிக்கடியில் பட்டுத் திரும்பி வரும் அலை. இந்த விமர்சனமே அதைப் பற்றித்தான், பெட்டி அதைக் காட்டுகிறதா இல்லையா என்பதைப் பற்றி.

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் கொஞ்ச காலம் இருந்தவர்களுக்கு லோமா பிரியேட்டா நிலநடுக்கம் தெரிந்திருக்கும். 1989 அக்டோபர் 17, மாலை 5 மணி 4 நிமிஷம். 6.9 அளவு. மையம் சான்டா குரூஸ் மலையில், சுமார் 18 கிலோமீட்டர் ஆழத்தில். இறந்தவர்கள் 63 பேர். அதில் 42 பேர் ஓக்லண்டில் சைப்ரஸ் இரட்டை அடுக்குப் பாலத்தில் இறந்தவர்கள். மேல் தளம் அப்படியே கீழ்த் தளத்தின் மேல் படுத்துவிட்டது. ஓக்லண்டையும் சான் ஃபிரான்சிஸ்கோவையும் இணைக்கும் பே பிரிட்ஜில் 15 மீட்டர் நீளத் துண்டு ஒன்று விழுந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் மரினா பகுதியில் வீடுகள் சரிந்து தீப்பிடித்தன. வரைபடத்தை எடுத்து அளந்து பாருங்கள். சைப்ரஸ் பாலம் மையத்திலிருந்து ஏறக்குறைய 95 கிலோமீட்டர். மரினா அதைவிடக் கொஞ்சம் அதிகம். சான்டா குரூஸும் வாட்சன்வில்லும் மையத்துக்குப் பக்கம், அங்கே அடி பலம், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் சான் ஹோசே முப்பது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே இந்த மாதிரி இடிபாடு இல்லை. பக்கத்தில் இருந்தவன் தப்பிக்க, தள்ளி இருந்தவன் ஏன் அடி வாங்கினான்?

எல்லோரும் சொல்லும் பதில் களிமண். அது உண்மைதான், நன்றாக நிரூபித்தும் இருக்கிறார்கள். பே பிரிட்ஜின் நடுவில் யெர்பா புவேனா தீவு பாறை. அதை ஒட்டியே டிரெஷர் ஐலண்ட், 1930களில் மண் கொட்டி உண்டாக்கியது. அன்றைக்குப் பாறைத் தீவில் பதிவான உச்ச முடுக்கம் 0.06 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்), கொட்டிய மண்ணில் 0.16 ஜி. நடந்தே போகிற தூரத்தில் இரண்டரை மடங்கு. சைப்ரஸ் பாலத்திலும் இடிந்தது மென்மையான சேற்றின் மேல் நின்ற பகுதி. கெட்டியான மண்ணில் நின்ற பகுதி தப்பியது.

ஆனால் களிமண் இருப்பதைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். பெரிதாக்க ஏதாவது வந்து சேர வேண்டுமே? சான் ஃபிரான்சிஸ்கோ, ஓக்லண்டுப் பக்கம் பாறையிலேயே அன்றைக்கு ஆட்டம் அந்தத் தூரத்துக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம். இதற்குத்தான் 1990இல் சாமர்வில், யோஷிமுரா என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: அது மோஹோவில் பட்டுத் திரும்பி வந்த அலை என்று. 1996இல் கேட்சிங்ஸ், கோலர் இருவரும் மேலோட்டின் அடிப்பகுதியிலிருந்து திரும்பிய அலைகளையும் சேர்த்து இதை இன்னும் விரிவாக எழுதினார்கள்.

மோஹோ என்பது பூமியின் மேலோடு முடிந்து, அதற்கு அடியில் இருக்கும் மேன்டில் என்ற பாறை அடுக்கு தொடங்கும் எல்லை. 1909இல் குரோவேஷியாவின் ஜாக்ரெப் அருகே நடந்த ஒரு நிலநடுக்கத்தின் பதிவுகளை வைத்து மோஹோரோவிசிச் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது. ஒரே நிலநடுக்கத்திலிருந்து பி அலை, அதாவது முதலில் வந்து சேரும் வேகமான அலை, இரண்டு தடவை வந்திருக்கிறதே என்று பார்த்தார். ஒன்று மேலோட்டின் வழியாக நேராக வந்தது, இன்னொன்று கீழே வேகமான பாதையில் சுற்றிக்கொண்டு வந்தது. விரிகுடாப் பகுதியில் இந்த எல்லை சுமார் 25 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதற்கு மேலே எஸ் அலையின், அதாவது பி அலைக்குப் பின்னால் வந்து தரையைப் பலமாக ஆட்டும் அலையின், வேகம் விநாடிக்கு 3.7 கிலோமீட்டர் போல, கீழே 4.5 பக்கம்.

இந்த வேக வித்தியாசம்தான் எல்லாம் செய்கிறது. நிலநடுக்கம் அலையை மேலே மட்டும் அனுப்புவதில்லை, கீழேயும் அனுப்புகிறது. கீழே போன அலை மோஹோவைச் செங்குத்தாகத் தொட்டால் பெரும்பங்கு உள்ளே போய்விடும், திரும்புவது சொற்பம். சாய்ந்து தொட்டால், அதுவும் செங்குத்திலிருந்து ஏறக்குறைய 55 டிகிரிக்கு மேல் சாய்ந்தால், உள்ளே நுழையவே முடியாது. வந்த ஆற்றல் முழுவதும் மேலே திரும்பிவிடும்.

இதை மாமாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். என் மாமனார், திருச்சிக்காரர், பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரில் கோடு போட்டுக் காட்டி முடிப்பதற்குள், "ஏம்மா, கிணத்துல முங்கி மேல பாத்தா நடுவுல மட்டுந்தான் வானம் தெரியும், சுத்தி தண்ணியே கண்ணாடி மாதிரி இருக்கும். அதைத்தானே தலைகீழா சொல்ற?" என்றார். அதையேதான் மாமா.

லோமா பிரியேட்டாவுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூட முக்கோணக் கணக்குதான். மையம் 18 கிலோமீட்டரில், மோஹோ 25இல். கீழே இறங்க 7, மறுபடி தரைக்கு ஏற 25, மொத்தம் 32. அதை 55 டிகிரியின் டேன்ஜன்ட்டால் பெருக்கினால் 45 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதாவது மையத்தைச் சுற்றி அந்த ஆரத்தில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் இருக்கும் சான் ஹோசேக்குத் திரும்பி வந்தது வலுவில்லாத அலை. வட்டத்தைத் தாண்டினால் முழு வலு. அங்கே நேராக வந்த எஸ் அலையும் கீழே போய்த் திரும்பிய எஸ் அலையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சேருகின்றன. உண்மையில் மேலோட்டில் வேகம் ஒரே சீராக இல்லை, ஆழம் போகப் போகக் கூடும், அதனால் எல்லை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளும். ஆனால் மையம் இன்னும் மேலே, ஒரு ஏழு கிலோமீட்டரில் இருந்திருந்தால் இதே கணக்கில் 60 தாண்டியிருக்கும். நிலநடுக்கம் ஆழமாக இருந்தால் பக்கத்தில் ஆட்டம் குறையும் என்று நாம் நிம்மதிப்படுவோமே, அதே ஆழம் இந்த வட்டத்தைச் சுருக்கி உள்ளே கொண்டுவருகிறது. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம்.

கலிஃபோர்னியா மட்டும் இல்லை. கனடாவின் கியூபெக்கில் 1988 நவம்பரில் சாகெனே நிலநடுக்கம் வந்தது, 5.9 அளவு, ஆழம் கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர். அங்கேயும் தூரத்தோடு குறைய வேண்டிய ஆட்டம் குறையாமல் நின்றதற்கு இதையே காரணம் காட்டினார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவில் 1992 லேண்டர்ஸ் நிலநடுக்கத்தின் பின்னதிர்வுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, திரும்பி வந்த எஸ் அலை நேராக வந்ததைவிடச் சில மடங்கு பெரிதாக இருந்தது. பொறியாளர்கள் பயன்படுத்தும் தூரம்-ஆட்டம் வளைகோடு ஒரே சரிவாக இறங்குவதாகத்தான் நாம் மனதில் வைத்திருக்கிறோம். பல இடங்களில் அது 60 கிலோமீட்டருக்கு மேல் ஒரு படிக்கட்டில் நிற்பதுபோல் நின்றுவிட்டுத்தான் மறுபடி இறங்குகிறது.

சரி, பெட்டிக்கு வருவோம்.

ராஸ்பெரி ஷேக்கில் மாடல்கள் பல. 1டி என்பதில் ஒரே ஒரு ஜியோஃபோன், மேலும் கீழும் ஆடுவதை மட்டும் அளக்கும். விலை குறைவு, பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் இதுதான். 4டி என்பதில் அந்த ஒரு ஜியோஃபோனோடு மூன்று திசையிலும் பலமான ஆட்டத்தை அளக்கும் முடுக்கமானிகள். 3டி என்பதில் மூன்று ஜியோஃபோன்கள், செங்குத்து, வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு. நான் வாங்கியது 3டி. காரணம், எஸ் அலை தரையைப் பெரும்பாலும் பக்கவாட்டில் ஆட்டும். அதிலும் வரும் திசைக்குக் குறுக்காக மட்டும் ஆட்டுகிற எஸ் அலை ஒன்று இருக்கிறது. அது மோஹோவில் படும்போது பி அலையாக மாறி ஆற்றலைச் சிதறவிடாது, அப்படியே திரும்பி வரும். நான் தேடியது அது. 1டியில் அது தெரியாது. விலை வித்தியாசம் கையைக் கடிக்கும்தான், ஆனால் இந்த வேலைக்கு வேறு வழியில்லை.

பெட்டி தெளிவான அக்ரிலிக். உள்ளே எல்லாம் தெரியும். மூன்று திருகு கால்கள், ஒரு நீர்மட்டக் குமிழி. கராஜில் கார் நிற்காத மூலையில், கான்கிரீட் தரையில் நேராக வைத்தேன். கம்பளம், மரப்பலகை, மேஜை எதன் மேலும் வைக்கக் கூடாது. மாடியில் வைத்தால் வீட்டின் ஆட்டத்தைத்தான் அளப்பீர்கள். நெட்வொர்க்குக்கு ஈதர்நெட் கேபிள் நல்லது. நேரத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது, இந்த மாதிரி வேலைக்கு அந்தத் துல்லியம் தாராளம்.

3டி வாங்குபவர்கள் வடக்கைச் சரியாக வைப்பதில் நேரம் செலவழிக்க வேண்டும். போன் காம்பஸை நம்பாதீர்கள். கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி, பக்கத்தில் கார், வாட்டர் ஹீட்டர். போதாததற்கு இந்தப் பகுதியில் காந்த வடக்கே உண்மை வடக்கிலிருந்து சுமார் 13 டிகிரி கிழக்கே தள்ளி இருக்கிறது. நான் செய்தது, செயற்கைக்கோள் படத்தில் வீட்டுச் சுவர் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அளந்து, சுவரிலிருந்து கோணமானி வைத்துத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பெட்டியை அந்தக் கோட்டில் நிறுத்தியது. இரண்டு மூன்று டிகிரி பிசகினால் ஒன்றும் குடி முழுகாது. பதினைந்து டிகிரி பிசகினால் நேர்த்திசை ஆட்டம் குறுக்குத்திசைக்குள் கசிந்து எல்லாம் குழம்பும்.

பிரவுசரில் திறந்தால் ஒரு நாள் முழுக்கப் பதிவான கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். முதலில் தெரிவது நிலநடுக்கம் இல்லை, நம் வீட்டு வரலாறு. குப்பை லாரி வரும் கிழமை, எதிர்வீட்டுக்காரர் கராஜ் கதவை எத்தனை மணிக்குத் திறக்கிறார், துணி துவைக்கும் மெஷின் எப்போது சுழன்று பிழிகிறது. எங்கள் வீட்டு கிரைண்டர் கராஜில்தான் இருக்கிறது. மாவு அரைக்கும் நேரம் முழுவதும் கோடு தடித்துப் பட்டையாக நிற்கும். அதை அதிர்வெண் வாரியாகப் பிரித்து நிறமாலையாகப் பார்த்தால், மோட்டார் ஒரே அதிர்வெண்ணில் சுற்றுவது பளிச்சென்று ஒரு நேர்கோடாகத் தெரிகிறது. உளுந்து போட்டதும் பாரம் ஏறி அந்தக் கோடு லேசாகக் கீழே வளைவது வரைக்கும் தெரிகிறது. இந்தக் கூத்தெல்லாம் அதிக அதிர்வெண்ணில் நடப்பதால் வடிகட்டிவிடலாம். நான் பெரும்பாலும் 1 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுகிறேன். ராத்திரிப் பதிவுகள்தான் சுத்தம்.

ஃப்ரீமான்ட் இதற்கு வசதியான ஊர். தென்கிழக்கே கில்ராய் 70 கிலோமீட்டர், ஹாலிஸ்டர் 90 சொச்சம். ஹாலிஸ்டருக்குத் தெற்கே சான் ஆண்ட்ரியாஸ் பிளவு ஊர்ந்துகொண்டே இருக்கும் பகுதி, அதனால் சின்னச் சின்ன நிலநடுக்கங்களுக்குப் பஞ்சமில்லை. மூன்று, மூன்றரை அளவில் அவ்வப்போது ஒன்று வரும். நமக்கு இங்கே எதுவும் தெரியாது, பெட்டிக்குத் தெரியும்.

அப்படி ஒரு மூன்றரை அளவுக்காரர் நள்ளிரவுக்கு மேல் வந்தார். வீட்டில் ஒருவரும் புரண்டுகூடப் படுக்கவில்லை. காலையில் பதிவு ஃபைலை இறக்கி, ஆப்ஸ்பை என்ற இலவசப் பைத்தான் நூலகத்தில் திறந்தேன். செங்குத்துக் கோட்டில் பி அலை கூர்மையாகக் கிளம்பி இருந்தது. பதினோரு விநாடி கழித்து எஸ். இந்த இடைவெளியை எட்டால் பெருக்கினாலே தூரம் கிட்டத்தட்ட வந்துவிடும், 90 பக்கம். அப்புறம் இரண்டு கிடைத்திசைப் பதிவுகளையும் கணக்கில் சுழற்றி, ஹாலிஸ்டரிலிருந்து வரும் திசை ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று என்று மாற்றினேன். குறுக்குத் திசைக் கோட்டில் எஸ் அலை ஒரு சின்ன மேடாக ஆரம்பித்தது. அது தணிவதற்குள், ஏறக்குறைய இரண்டு விநாடி தள்ளி, அதைவிட நன்றாகப் பெரிய ஒரு துடிப்பு எழுந்து நின்றது. பி அலைக்குப் பின்னாலும் ஒரு விநாடி தள்ளி இதன் தம்பி மாதிரி ஒன்று இருந்தது. நேர்ப்பாதை 90 கிலோமீட்டர், மோஹோவைத் தொட்டு வரும் பாதை 100 கிலோமீட்டர். பத்துக் கிலோமீட்டர் அதிகம் நடக்க வேண்டும், ஆனால் ஆழத்தில் நடப்பதால் சற்று வேகமாக நடக்கும். இரண்டு விநாடி பொருந்துகிறது.

இந்த இடத்தில் பாராட்டை நிறுத்திவைக்க வேண்டும். ஒரே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு அந்தத் துடிப்பு மோஹோவிலிருந்து வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஹாலிஸ்டருக்கும் எங்களுக்கும் நடுவில் சான்டா கிளாரா பள்ளத்தாக்கு இருக்கிறது, அடியில் ஆழமான வண்டல். அதன் ஓரத்தில் மோதி உண்டாகும் அலைகூட இப்படித் தாமதமாகப் பெரிதாக வரலாம். விற்கும் பக்கத்தில் இருக்கும் படங்களைப் பார்த்து, பெட்டியை வைத்ததும் பூமியின் உள்ளே தெரிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இது ஒரு காது. ஒரு காதால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்வது கஷ்டம்.

இதற்கு வழி, அதே நிலநடுக்கத்தை வேறு வேறு தூரத்தில் பதிவு செய்தவர்களையும் சேர்த்துக்கொள்வது. பெர்க்லியில் இருக்கும் வடக்குக் கலிஃபோர்னியா நிலநடுக்கத் தரவு மையம் எல்லா நிலையங்களின் பதிவுகளையும் இலவசமாகக் கொடுக்கிறது. மற்றவர்கள் வீட்டு ராஸ்பெரி ஷேக் பதிவுகளும் கம்பெனியின் சர்வரில் கிடைக்கும். ஹாலிஸ்டரிலிருந்து வடமேற்கே ஒரே கோட்டில் வருகிறவற்றைத் தேர்ந்தெடுத்து, தூர வரிசையில் அடுக்கினேன். மோஹோ அலைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. தூரம் கூடக் கூட, நேர் அலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுருங்கும். ஏழு கிலோமீட்டர் ஆழ மையத்துக்குக் கணக்குப் போட்டால் 60 கிலோமீட்டரில் இடைவெளி மூன்று விநாடிக்கு மேல், 90இல் இரண்டுக்குப் பக்கம், 120இல் ஒன்று. வண்டலின் ஓரத்தில் பிறந்த மெதுவான அலையாக இருந்தால் தூரத்தோடு பின்தங்கிக்கொண்டே போகும், நெருங்கி வராது. என் அடுக்கில் அது நெருங்கித்தான் வந்தது. 50க்குள் இருந்த நிலையங்களில் அந்தத் துடிப்பு சத்தத்தில் கரைந்துபோயிருக்க, 60, 70 தாண்டியதும் கோட்டுக்குக் கோடு எழுந்து நின்றது. நடுவில் இரண்டு நிலையங்களில் பதிவு அசிங்கமாக இருந்தது, அவற்றை மறைக்கவில்லை, படத்திலேயே விட்டுவைத்திருக்கிறேன். மாமா அந்தப் படத்தை ஸ்கேல் வைத்து ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, "இதை பில்டிங் டிசைன் கோட்ல போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். நேரடியாக இல்லை என்றேன். நிஜப் பதிவுகளிலிருந்து வரைந்த வளைகோடுகளில் இந்த விளைவு ஓரளவு தானாகவே கலந்திருக்கும், ஆனால் சராசரியாக. எந்தப் பிளவு எந்த ஆழத்தில் அசைந்தால் எந்த ஊருக்கு வட்டம் விழும் என்பது சராசரியில் மறைந்துபோகும். அவருக்கு அந்தப் பதிலில் திருப்தியில்லை. எனக்கும்தான்.

பெட்டியின் குறைகள் என்றால், எல்லாமே அதன் வடிவமைப்பில் இருப்பவைதான். ஜியோஃபோனின் இயல்பான அதிர்வெண் 4.5 ஹெர்ட்ஸ். மின்னணு வழியில் அதைக் கீழே நீட்டியிருக்கிறார்கள், ஒரு தடவை ஆட இரண்டு விநாடி எடுக்கும் அலைகள் வரை பரவாயில்லை. அதற்கு மேல் மெதுவாக ஆடும் அலைகள் குறைந்துகொண்டே போகும். உயரமான கட்டடங்களை ஆட்டுவது அந்த மெதுவான அலைகள்தான் என்பதால், அதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இந்தப் பெட்டி போதாது. உலகத்தின் மறுபக்கத்து ஏழு அளவு நிலநடுக்கத்தின் பி அலை நன்றாகவே தெரியும், பின்னால் வரும் நீண்ட மேற்பரப்பு அலைகள் பாதிதான் தெரியும்.

இரண்டாவது, பக்கத்தில் பெரிய நிலநடுக்கம் வந்தால் ஜியோஃபோன் தன் எல்லையை முட்டிக் கோடு தட்டையாக வெட்டுப்படும். ஹேவர்டு பிளவு அசையும் நாளில் என் 3டி உருப்படியாக எதையும் எழுதாது. அதைப் பதிய வேண்டுமென்றால் 4டி வாங்குங்கள். எனக்கு அந்த நாளில் பதிவைப் பற்றிய கவலை இருக்காது என்பதால் இதை வாங்கினேன்.

மூன்றாவது, ஓரளவு கம்ப்யூட்டர் பழக்கம் வேண்டும். பதிவுகளைச் சும்மா பார்க்க அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் ஸ்வார்ம் மென்பொருள் போதும், இலவசம்தான். திசை சுழற்றுவது, தூர வரிசையில் அடுக்குவது எல்லாம் பைத்தான் தெரிந்தால்தான். தெரியாதவர்களுக்கு இது ஒரு வாரம் வேடிக்கை காட்டிவிட்டுத் தூசி படியும் பெட்டியாகிவிடும். மெமரி கார்டு இருபத்து நான்கு மணி நேரமும் எழுதப்படுவதால் தேயும். மாற்றுக் கார்டு ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுகளைப் பொதுவில் பகிர வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். நான் பகிர்கிறேன். வரைபடத்தில் வீட்டைத் துல்லியமாகக் காட்டாமல் சற்றுத் தள்ளியே காட்டுகிறார்கள், அதனால் பயமில்லை. பகிர்வதில் அர்த்தம் இருக்கிறது. ஹைட்டியில் 2021 ஆகஸ்ட் 14இல் 7.2 அளவு நிலநடுக்கம் வந்தபோது, சாதாரண மக்களின் வீடுகளில் இருந்த ராஸ்பெரி ஷேக்குகளின் பதிவுகளை வைத்துத்தான் பின்னதிர்வுகளை விஞ்ஞானிகள் பின்தொடர்ந்தார்கள், அது சயின்ஸ் இதழில் கட்டுரையாகவும் வந்தது. யாரோ ஒருவருடைய கூடத்து மூலையில் இருந்த பெட்டிதான் அது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று விலைக்கும் பக்கவாட்டு இரைச்சலுக்கும். கிடைத்திசை ஜியோஃபோன்கள் வீட்டுச் சத்தத்தைச் செங்குத்தைவிட அதிகமாக வாங்கிக்கொள்கின்றன. தோட்டத்தில் குழி தோண்டிச் சிமென்ட் போட்டு வைக்க வசதி இருப்பவர்களுக்கு அந்தக் குறையும் இருக்காது, அதற்கென்றே வெளியே வைக்கும் மூடிய பெட்டியும் விற்கிறார்கள்.

வாங்குவதாக இருந்தால் உதிரியாக வாங்கிச் சேர்க்கும் வேலை வேண்டாம், அடாப்டர், கார்டு, பெட்டி எல்லாம் சேர்ந்த முழு செட்டாகவே வாங்குங்கள். அதற்கும் முன்னால் அவர்களுடைய ஸ்டேஷன்வியூ வரைபடத்தில் உங்கள் ஊர்ப் பக்கம் 3டி ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் பழைய பதிவுகளை இறக்கி, 60 முதல் 120 கிலோமீட்டருக்குள் நடந்த ஒரு மூன்று அளவு நிலநடுக்கத்தைத் தேடி, எஸ் அலைக்குப் பின்னால் இரண்டு மூன்று விநாடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை. அது சுவாரஸ்யமாக இருந்தால் ஆர்டர் போடுங்கள், இல்லையென்றால் மைஷேக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.